அரசி மூடிய விண்டோக்கள்

சாலிகிராமத்தில், ஒரு கண் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. பெயர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்தாறு, ஊர் திண்டுக்கல். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தனித்தனியாகப் பதிவு செய்து கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் போட்டு, குரல் இவ்வளவு, வயலின் இவ்வளவு என்று அளவு பார்த்து ஒரே பாட்டாகக் கலந்து கொடுப்பது அவருடைய தொழில். அரசி கலந்த பாட்டு ஆட்டோ ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்கும் என்று வட்டாரத்தில் பேச்சு.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் தேவசகாயம். நாங்குநேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு. இந்த வயதில் இது தேவையா என்று கேட்ட அத்தனை பேருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போய், ஆறு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, போரூரில் மச்சான் வீட்டில் பெட்டியை இறக்கியவர். டிசம்பர் ஒன்றாம் தேதி வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பள்ளித் தாளாளர் சொல்லியிருந்தார். நவம்பர் பிறந்துவிட்டது.

கையில் ஒரே ஒரு பாட்டு இருந்தது. ஊர்ச் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டு, பாடியது ஊர் டீச்சர் ஒருவர். பாடகர் குழுத் தலைவர் ஜெபமணி அதைச் சகாயத்தை நம்பிக் கொடுத்திருந்தார். இது நன்றாக வந்தால் அந்தத் தொகுப்பில் மிச்சமிருக்கும் ஒன்பது பாட்டும் சகாயத்துக்கு. வராவிட்டால் பழையபடி பள்ளிக்கூட மணி.

இந்த நேரத்தில்தான் குருவின் மேல் சந்தேகம் முற்றியது.

விஷயம் இதுதான். பாட்டு கலக்கும் மென்பொருளில் ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனி வரிசை உண்டு. வரிசையின் மேல் பிளகின் என்று சின்னச் சின்னக் கருவிகளை ஏற்றி வைப்பார்கள். ஒன்று கரகரப்பை எடுக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும். தொட்டால் திருகுகளும் எண்களுமாக அந்தக் கருவியின் விண்டோ திரையில் வந்து நிற்கும். வித்தை முழுவதும் அந்த விண்டோவுக்குள்தான் இருக்கிறது என்று சகாயம் முடிவு கட்டியிருந்தார்.

அந்த விண்டோவைத்தான் அரசி காட்டவில்லை.

சகாயத்துக்கு வெளியறையில் ஒரு கம்ப்யூட்டர். அரசிக்கு உள்ளறை. தினமும் இரண்டு மூன்று தடவை உள்ளேயிருந்து குரல் வரும்.

"சகாயம் அண்ணே, உள்ள வாங்க."

கதவிலிருந்து பின்னால் கிடக்கும் சோபாவுக்கு ஆறு எட்டு தூரம். மூன்றாவது எட்டு வைப்பதற்குள் அரசியின் விரல் ஒரு பொத்தானைத் தட்டும். டக். அவ்வளவு விண்டோவும் ஒரே நொடியில் மறைந்துவிடும். வெறும் கலர் வரிசைகள் மட்டும் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும்.

பாட்டு முழுவதும் ஓடும். முடிந்ததும் அரசி திரும்பாமலே கேட்பார்.

"பாட்டை விட்டு எங்கண்ணே கவனம் போச்சு?"

"ரெண்டாவது சரணத்துல, மேடம். புல்லாங்குழல் முடியுத எடத்துல."

"சரிண்ணே. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஐந்து மாதமாக இதுதான் பாடம்.

முதலில் சகாயம் இதைத் தற்செயல் என்று நினைத்தார். பிறகு சோதித்துப் பார்த்தார். கூப்பிடாமலே டீயோடு போனார். டக். சார்ஜர் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். டக். ஒருநாள் செருப்பைக் கழற்றிப் பூனை மாதிரி போனார். சோபாவின் ஸ்பிரிங் கீச்சென்றது. டக்.

குருவுக்கு வேண்டிய மனுஷன் என்று தன்னை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மனைவி கிருபை தினமும் போன் செய்வார். குரு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

"உள்ள கூப்புடுதாங்க. ஆனா நான் போனதும் எல்லாத்தையும் மூடிருதாங்க."

"நீங்க போனா மட்டுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போனாத்தானே நான் பாக்க முடியும்?"

"என்னமோ இருக்குங்க. இல்லாட்டி எதுக்கு மூடணும்?"

கிருபை அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழம்புக்குத் தாளிக்கப் போய்விட்டார். சகாயத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் நேரடியாகவே கேட்டார்.

"மேடம், குரலுக்குப் போட்டிருக்கிற விண்டோவை ஒருநாள் தொறந்து காட்டுங்களேன்."

"உங்க மிஷின்லயும் அதே பிளகின்தானண்ணே இருக்கு?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

காதில் பூச்சுற்றுகிறார் என்று சகாயத்துக்குத் தோன்றியது. ஐம்பத்தொரு வயது ஆளை, அதுவும் இசை வாத்தியாரை.

அரசி மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டுக்குப் போவார். உள்ளறையைப் பூட்டுவதில்லை. அதைக்கூடச் சகாயம் சந்தேகப்பட்டார். பூட்டாமல் போகிறவர் ஏன் மூடவேண்டும்? மூடுகிறவர் ஏன் பூட்டாமல் போகவேண்டும்? யோசித்துக்கொண்டே உள்ளே போய், அரசியின் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய பாட்டில் இருந்த விண்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தார். நாற்பத்து மூன்று படம். அவசரத்தில் ஏழெட்டு மங்கலாக வந்தன. பிள்ளைகள் காப்பி அடித்தால் பரீட்சைத் தாளைப் பிடுங்குகிற வாத்தியார் அவர். அந்த நினைப்பு வந்தது. வந்ததும் தள்ளிவிட்டார்.

வெளியறைக்கு வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து அதே எண்களைத் தன் பாட்டில் ஏற்றினார். கிறிஸ்துமஸ் பாட்டு நமுத்துப்போன முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றிலும் தெம்பு இல்லை. பாடிய டீச்சரின் குரல் வயலினுக்குக் கீழே எங்கோ மூக்கடைத்துக் கிடந்தது.

இப்படி ஆனால் ஒரு நல்ல மாணவன் என்ன நினைப்பான்? அந்த எண்கள் அந்தப் பாட்டுக்கு, என் பாட்டு வேறு என்று நினைப்பான். சகாயம் அப்படி நினைக்கவில்லை. நான் வந்து பார்ப்பேன் என்று தெரிந்தே பொய் எண்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார்.

ஏற்றிய எண்களையெல்லாம் எடுத்துவிட்டு, அன்று அவர் ஒரு சபதம் செய்தார். இனித் தன் திரையில் எதுவும் மூடியிருக்காது.

சாதாரணமாக ஒரு விண்டோவைத் திறந்தால் முந்தையது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு விண்டோவின் மூலையிலும் குண்டூசி போல ஒரு குறி உண்டு. அதை அழுத்திவிட்டால் விண்டோ அங்கேயே குத்தி நிற்கும், எதைத் திறந்தாலும் போகாது. சகாயம் அத்தனையையும் குத்தினார். திரை முழுக்க விண்டோ. ஒன்றின் தலைமேல் ஒன்றின் கால். எல்லாம் ஒரே கருவியாதலால் எல்லாம் ஒரே முகம். எது யாருடையது என்பது மேலே பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தை அடுத்த விண்டோ மறைத்துக்கொண்டிருந்தது. அதனால் என்ன, இடம்தான் மனப்பாடம் ஆயிற்றே என்று சகாயம் இருந்தார். இடதுபக்கம் நடுவில் இருப்பது டீச்சரின் குரல்.

செவ்வாய்க்கிழமை அந்த விண்டோவின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எண்களை நீக்கியும் போகாத மூக்கடைப்பை எடுத்தார். குரல் முன்னால் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

புதன் காலை போட்டுப் பார்த்தால் மறுபடி மூக்கடைப்பு.

திருகின் எண் மாறவில்லை. நேற்று நோட்டில் எழுதி வைத்த அதே எண். ஆனால் பாட்டு நேற்றைய பாட்டு இல்லை. சகாயம் மறுபடி உட்கார்ந்து திருப்பினார். சாயங்காலத்துக்குள் குரல் தெளிந்தது. வியாழன் காலை வந்தால் மறுபடி அதே கதை.

 யாரோ இந்தப் பாட்டில் கை வைக்கிறார்கள். இந்த மாடியின் சாவி இரண்டே பேரிடம் இருக்கிறது. ஒருவர் சகாயம்.

அன்று கிளம்பும்போது மவுஸை மேசை விளிம்பிலிருந்து சரியாக நாலு விரல் தள்ளி வைத்தார். கீபோர்டின் மேல் தன் தலைமுடி ஒன்றை வைத்தார். இருப்பதே கொஞ்சம்தான், அதிலும் ஒன்றைத் தியாகம் செய்தார்.

வெள்ளிக்கிழமை காலை மவுஸ் நாலு விரலில் இருந்தது. முடி வைத்த இடத்தில் இருந்தது. பாட்டில் மூக்கடைப்பு இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் சந்தேகம் அங்கே தீர்ந்திருக்கும். சகாயத்துக்கு அங்கேதான் உறுதியாயிற்று. முடியைக்கூடத் திரும்ப வைக்கத் தெரிந்த கைகாரி என்று பல்லைக் கடித்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெபமணிக்குப் பாட்டு போகவேண்டும். அழுகை வருகிற மாதிரி இருந்தது. கதவைத் தட்டாமல் உள்ளறைக்குள் போனார். டக்.

"அதுதான், மேடம்! அதுதான்!"

அரசி நாற்காலியோடு திரும்பினார். "என்னண்ணே?"

"எதுக்கு மேடம் என் பாட்டை மாத்துதீங்க?"

"நானா?"

"சாயங்காலம் சரி பண்ணிட்டுப் போறேன். காலைல வந்தா கெட்டுப் போயிருக்கு. மூணு நாளா இதே கூத்து. நான் கத்துக்கிட்டா உங்களுக்கு என்ன கொறைஞ்சிரும்? எனக்கு நாளைக்குப் பாட்டு போவணும். போவாட்டி நான் ஊருக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?"

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அரசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியறைக்கு வந்தார். சகாயத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டைப் போடுங்க."

போட்டார்.

"என்ன குறை?"

"குரல் மூக்கடைச்சாப்பல இருக்கு. உங்களுக்கே தெரியும்."

"சரி பண்ணுங்க."

சகாயம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இடதுபக்கம் நடுவில் இருந்த விண்டோவின் திருகைப் பிடித்தார். மெல்லத் திருப்பினார். முகம் தெளிந்தது.

"இப்பம் பாருங்க. குரல் தொறந்துட்டு."

"நல்லாயிருக்கா?"

"நல்லா இருக்கு மேடம். இதைத்தானே நீங்க..."

"பழையபடி வைங்க."

வைத்தார். "இந்தா, கெட்டுப்போச்சு."

"எனக்குச் சரியாத் தெரியலண்ணே. இன்னொரு தடவை."

மறுபடி திருப்பினார். மறுபடி குரல் தெளிந்தது. மறுபடி பின்னால் கொண்டுபோனார். கெட்டது. மூன்று தடவை செய்து காட்டினார். இவ்வளவு சின்ன வித்தியாசம்கூடக் கேட்காதவரிடமா ஐந்து மாதம் படித்தோம் என்று ஒரு எண்ணம் ஓடியது.

"கடைசி வரைக்கும் திருப்புங்க."

"ஐயோ, தகர டப்பாவுல பாடுத மாதிரி ஆயிருமே."

"பரவாயில்ல. திருப்புங்க."

சகாயம் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினார். டீச்சர் அதே மூக்கடைப்போடு மேய்ப்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தகர டப்பா இல்லை. எதுவுமே இல்லை. இந்தப் பக்கம் கடைசிக்குக் கொண்டுவந்தார். டீச்சர் பாடிக்கொண்டே இருந்தார்.

சகாயம் மவுஸைத் தட்டிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். கை விசுக்விசுக்கென்று போய் வந்தது, பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது.

பிறகு மெதுவாக, மேலே கிடந்த விண்டோவைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். கீழேயிருந்த விண்டோவின் தலையில் பொடி எழுத்து தெரிந்தது.

டீச்சர் பெயர் அதில் இல்லை. 'கைடு: சகாயம்' என்று இருந்தது.

டீச்சருக்கு மெட்டு தெரியவேண்டும் என்பதற்காக முதல் நாள் சகாயமே பாடி வைத்த மாதிரிக் குரல் அது. டீச்சர் பாடி முடித்ததும் அந்த வரிசையின் வாயை அவரே அடைத்து வைத்திருந்தார். பாட்டில் அது ஒலிப்பதே இல்லை. மூன்று நாளாக, சத்தமே வராத தன் குரலுக்கு அவர் மூக்கடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்க எடுக்க, குரல் தெளிவதாக அவருக்குக் கேட்கவும் செய்தது.

சகாயம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காது மடல் சுட்டது. மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூட இருந்தது, முதல் மாடிதான்.

அரசி சிரிக்கவில்லை. கையை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினார். டக். குத்தி நின்றவை, சாய்ந்து நின்றவை எல்லாம் போயின. திரையில் கலர் வரிசைகள் மட்டும் இருந்தன.

"முதல்லேருந்து போடுங்க."

இரண்டு பேரும் கேட்டார்கள். பார்க்க ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டு நாலரை நிமிடம். இரண்டாம் சரணம் வந்தபோது சகாயத்தின் தலை தானாகச் சாய்ந்தது.

"குரல்ல ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் ஈனஸ்வரத்தில். "வயலின்தான் அதே எடத்துல நின்னு அதை அமுக்குது."

"அப்படியா?"

"ஆமா. வயலினை அந்த எடத்துல லேசாக் கொறச்சாப் போதும்."

"கொறைங்க."

ஒரே ஒரு விண்டோவைத் திறந்தார். தலையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். வயலின். ஒரு திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, விண்டோவை மூடினார். டீச்சர் எழுந்து முன்னால் வந்து நின்று பாடினார்.

அரசி ஸ்டூலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சகாயத்தால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"மேடம், இன்னொண்ணு சொல்லணும். போன வாரம் மதியம், நீங்க இல்லாத நேரம்..."

"தெரியும்ணே. என் பாட்டுல ஒரு விண்டோவை மூட மறந்து விட்டுட்டுப் போயிருந்தீங்க."

"நீங்க ஏன் கேக்கல?"

"அந்த நம்பர் அந்தப் பாட்டுக்குத்தானண்ணே. அதுல கேக்க என்ன இருக்கு?"

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாட்டு போயிற்று. பதினொன்றுக்கு ஜெபமணி கூப்பிட்டார். மூன்று தடவை கேட்டாராம். "டீச்சர் பக்கத்துல நின்னு பாடுத மாதிரில்லா இருக்கு," என்றார். மிச்சப் பாட்டுகளை அடுத்த வாரமே அனுப்புவதாகச் சொன்னார். கிருபை போனில் அழுதார், பிறகு சாவகாசமாகக் கேட்டார்.

"அப்பம் அந்தம்மா எதுக்குங்க மூடுதாங்க?"

 அது சகாயத்துக்கும் தெரியவில்லை.

அவர் என்ன செய்வார், மனசு அப்படி. திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தது தெரிந்தும் கோபப்படாதவர், கதவைப் பூட்டாதவர், ஆள் வந்ததும் ஏன் ஓடி ஓடி மூடவேண்டும்? பழைய சந்தேகம் செத்துவிட்டது. ஆனால் அதன் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சகாயம் அண்ணே, உள்ள வாங்க."

போனார். ஒன்று, இரண்டு, மூன்றாவது எட்டு. டக்.

சகாயம் சோபாவில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது மேடம். சண்டைக்குக் கேக்கல. நான் வந்ததும் எதுக்கு மூடுதீங்க?"

அரசி நாற்காலியோடு திரும்பி, அவரை நேராகப் பார்த்தார்.

"தனியா உக்காந்திருந்தா நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்ணே. இந்த நம்பர், அந்த நம்பர்னு பொழுதுக்கும் பாக்குறேன். அந்த சோபாவுல நீங்க வந்து உக்காந்தப்புறம்தான் எனக்குப் பாட்டே கேக்குது."

சகாயம் சோபாவைத் திரும்பிப் பார்த்தார். 

"உக்காருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு அரசி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க வரட்டும்னுதான் காலைலேருந்து போடாம வச்சிருக்கேன்."